நீல விளக்கின் மேல் நான் போட்ட துணி

நவம்பர் 12, செவ்வாய்
தம்பி மகனுக்குக் காமாலை. பிறந்து மூன்று நாள்தான், அதற்குள் ரத்தத்தில் அளவு பதினாறு என்கிறார்கள். நீல விளக்கின் கீழே கண்ணைக் கட்டி, வெறும் உடம்போடு படுக்க வைத்திருக்கிறார்கள். பால் கொடுத்த நேரமெல்லாம் எழுதச் சொல்லி சிஸ்டர் மலர்விழி இந்த நோட்டைக் கொடுத்தது. முன்பக்கம் ஆஸ்பத்திரிக்கு. பின்பக்கம் எனக்கு.

தம்பி பொண்டாட்டி பாரதி பால் கொடுத்துவிட்டுப் பக்கத்து வார்டில் போய்ப் படுத்துக்கொள்வாள். விளக்கு அறையில் காவல் நான்.

"இன்னாடி, பொறந்ததும் உன் புள்ள டிஸ்கோ ஆடப் போயிட்டான்?" என்றேன்.

"அண்ணி, சிரிக்க வெக்காதீங்க, தையல் வலிக்குது" என்றாள்.

நவம்பர் 13
நீல வெளிச்சத்தைப் பார்க்க வார்டே வருகிறது. நானேதான், "வாங்க, வாங்க, டிக்கெட் கெடையாது" என்று கூப்பிட்டுக் காட்டினேன். வெள்ளிமலையிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, "செலையாட்டம் இருக்கான்" என்று கண் எடுக்காமல் நின்றது. எனக்குப் பயமாகிவிட்டது. எத்தனை கண்ணு!

கையை நீட்டிப் பார்த்தேன். விளக்கில் சூடே இல்லை. இது என்ன செய்துவிடப் போகிறது? பழைய சேலைத் துண்டைப் பிள்ளைமேல் போர்த்திவிட்டேன். துணிமேலும் நீலம் தெரியத்தானே செய்கிறது. சிஸ்டர் வரும் சத்தம் கேட்டால் மட்டும் உருவிவிடுவேன். அழுக்குத் துணி என்று கத்தும்.

நவம்பர் 14
பதினெட்டு. ஏறிவிட்டது.

சிஸ்டர் பாரதியைப் பிடித்துக்கொண்டது. "மடியிலயே வெச்சிக்கினு இருந்தியாம்மா? இன்னும் ஏறுனா ரத்தம் மாத்தணும். மூளையத் தாக்கிடும்."

"இல்ல சிஸ்டர், பால் குடிச்சதும் அண்ணிகிட்ட குடுத்துட்டேன்" என்று அழுதாள். அண்ணி அங்கேயேதான் நின்றேன். ஊரையே வம்புக்கு இழுக்கிற வாய் — ஒரு வார்த்தை வரவில்லை. துண்டு என் பைக்குள் இருந்தது. சிஸ்டர் போனதும் அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். சே! இன்னா பொம்பள நான்?

மதியம் தம்பி செல்லமுத்து வந்தான். அவனும் அவளைத்தான் திட்டினான். "ஒரு புள்ளய வெளிச்சத்துல வுடத் தெரியல ஒனக்கு?"

அதற்குமேல் தாங்கவில்லை. "அவ இல்லடா. நான்தான்."

துண்டை எடுத்துப்போய் சிஸ்டரிடம் நீட்டினேன். கத்தும் என்று நினைத்தேன். கத்தவில்லை. "எத்தன மணி நேரம் போத்தியிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டது. எண்ணிச் சொன்னேன். சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டது. "வேல பண்றது சூடு இல்லம்மா, வெளிச்சம். அது தோல்ல படணும்" என்றது. அந்த 'அம்மா'வுக்குப் பதில் நாலு அறை கொடுத்திருக்கலாம்.

பாரதி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

நவம்பர் 15
காவல் இப்போது தம்பி. நான் வராந்தாவில். பாரதி பேசவில்லை. நானும் யாரையும் கிண்டல் பண்ணவில்லை.

நவம்பர் 16
பதினாலு. பிள்ளை பிழைத்தது. யாரும் என்னிடம் வந்து சொல்லவில்லை. சிஸ்டரிடம் நானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நவம்பர் 18, திங்கள்
பத்து. விளக்கை அணைத்துவிட்டார்கள். நாளைக்கு வூட்டுக்கு.

தம்பி மருந்து வாங்கப் போயிருந்தான். பாரதி பிள்ளையோடு வாசலில் நின்று அங்கும் இங்கும் பார்த்தாள். வேறு ஆள் இல்லை. என்னிடம் வந்தாள்.

"குளிச்சிட்டு வரேன்" என்று பிள்ளையை என் மடியில் போட்டாள்.

அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கால் மரத்துப் போனது. குளியலறைக்குள் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் போடுகிற சத்தம் மட்டும் கேட்கவில்லை.