உட்கார்ந்து பாருங்கள்

மார்ச் 3, செவ்வாய்

அச்சகத்தில் இன்று பல் மருத்துவக் கையேடு ஒன்றுக்கு மெய்ப்புப் பார்த்தேன். 'பல்' வரவேண்டிய இடத்தில் பதினொரு தடவை 'பால்'. சிரித்துக்கொண்டே திருத்தினேன். நல்ல நாள்.

மகள் சனிக்கிழமை நாற்காலிக் கண்காட்சிக்கு என்னை அழைத்துப் போகிறாளாம். "நாற்காலியப் பாக்க டிக்கெட்டா?" என்று இவர் கேட்டார். நாள் முழுக்கப் பேருந்து ஓட்டுகிறவர். இருக்கை என்றாலே அவருக்கு எழுந்து நிற்கத்தான் தோன்றும்.

மார்ச் 7, சனி

ஒரு நாற்காலியை உடைத்துவிட்டேன். வேறெதுவும் இன்று எழுத வரவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

சரி, எழுதுகிறேன்.

ஒரே இரும்புக் குழாயை வளைத்துச் செய்தது, அட்டையை மடித்துச் செய்தது, அந்தப் பக்கம் நிற்கிற ஆள் தெரிகிற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கில் ஒன்று — அறை அறையாக நாற்காலிகள். சிலவற்றுக்கு ஓவியத்துக்குப் போடுவதுபோல் விளக்கு. மெழுகில் வார்த்த நாற்காலிகூட இருந்தது. உட்கார்ந்தால் உடம்புச் சூட்டில் உருகிவிடுமாம். "உக்கார முடியாதப்பதாம்மா நாற்காலின்னா என்னன்னு நமக்கு உறைக்கும்" என்று மகள் விளக்கினாள். எனக்கு அது பேருந்து நிலையத்திலேயே உறைத்திருக்கிறது என்றேன். பக்கத்தில் நின்ற ஒருவர் சிரித்துவிட்டார்.

கடைசி அறையில் அது. மெல்லிய ப்ளைவுட், மூன்று கால், ஒரே வீச்சில் வளைந்து மேலே போகிற முதுகு. விரித்த உள்ளங்கை மாதிரி. பக்கத்தில் பலகை: 'உட்கார்ந்து பாருங்கள்'. எனக்கு முன்னால் நாலைந்து பேர் உட்கார்ந்து எழுந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். நிஜமாகவே சுகமாக இருந்தது — சாய்ந்தேன் — சடக்!

தரையில் கிடந்தேன். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காவலர் ஓடி வந்து, "பாத்து உக்காரக் கூடாதாம்மா?" என்றார். மகளுக்கு வந்ததே கோபம். "உக்காருன்னு எழுதி வச்சிட்டு, பாத்து உக்காருன்னா என்னங்க அர்த்தம்?"

இடுப்பு வலிக்கிறது. ஆனால் வலி அங்கேயா? என் எடை நூற்று நான்கு. எழுதிவிட்டேன், போகட்டும்.

மார்ச் 10, செவ்வாய்

இவர் ஒத்தடம் கொடுத்தார். "நாலு காலுக்கே நம்பிக்கையில்ல, மூணு கால் எந்த மூலைக்கு?" என்றார். நாற்காலியைத் திட்டித் திட்டியே என்னைச் சமாதானப்படுத்துகிறார்.

மார்ச் 12, வியாழன்

அந்த நாற்காலியைச் செய்த பெண் போன் செய்தாள். காவலர் எங்கள் எண்ணை வாங்கி வைத்திருந்தார். வழக்குதான் என்று நினைத்து, "மன்னிச்சிருங்க" என்று ஆரம்பித்தேன்.

"ஐயோ, நான்தான் மேடம் மன்னிப்புக் கேக்கணும். எப்படி உக்காந்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"எல்லாரும் உக்கார்ற மாதிரிதான்."

"இல்ல மேடம். காவலர் சொன்னாரு, கண்காட்சிப் பொருளாச்சேன்னு பயந்து எல்லாரும் நுனியில உக்காந்துட்டு எந்திரிச்சிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் சாஞ்சிருக்கீங்க."

பட்டறைக்கு வரமுடியுமா என்றாள். யோசிப்பதற்குள் வாய் 'சரி' என்றுவிட்டது.

மார்ச் 15, ஞாயிறு

ஒல்லியான பெண், முப்பத்தைந்து இருக்கும். கொண்டையில் பென்சில் செருகியிருக்கிறாள். இனி இந்த நோட்டில் அவள் பெயர் பென்சில்.

உடைந்த நாற்காலியை நோயாளிபோல் மேசையில் படுக்க வைத்திருந்தாள். முதுகும் இருக்கையும் சேர்கிற வளைவில்தான் விரிசல். இன்னொரு நாற்காலியைச் சுற்றி மெத்தை விரித்து என்னை உட்காரச் சொன்னாள். நேராக, பக்கவாட்டில், காலை மடக்கி, தொப்பென்று. முனகியது, உடையவில்லை.

"உக்கார்றது சுகம்மா. எந்திரிக்கத்தான் பாடு. கைக்குப் பிடிமானமே இல்லியே."

"இத யாருமே சொல்லலையே!"

"யாரைக் கேட்டீங்க?"

கொண்டைப் பென்சிலை உருவினாள். "என்னைத்தான்." அவள் ஐம்பது கிலோ இருந்தால் அதிகம்.

புதிதாகத் திறக்கப்போகிற நூலகத்தின் வாசிப்பறைக்கு இதே நாற்காலி அறுபது வேண்டுமாம். ஏப்ரல் இருபதாம் தேதி குழு பார்க்க வருகிறது. நாலு வருட வேலையாம். நான் உடைத்தது அதைத்தான்.

மார்ச் 29, ஞாயிறு

மூன்றாவது ஞாயிறாகப் பட்டறை. 'மேடம்' போய் 'அக்கா' வந்துவிட்டது. இன்று இன்னொன்று உடைந்தது. நான் தயாராக இருந்தேன், விழவில்லை. பிடிக்க ஓடிவந்த பென்சில்தான் மெத்தையில் விழுந்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தோம். பிழை கண்டுபிடிப்பது என் தொழில். உடம்பாலும் அதைச் செய்யலாம் என்று ஐம்பத்தொரு வயதில் தெரிகிறது.

ஏப்ரல் 4, சனி

நாற்காலியோடு கொடுக்கப்போகிற தாளை மெய்ப்புப் பார்க்கச் சொன்னாள் பென்சில். கீழே ஒரு வரி: 'அதிகபட்ச எடை: 80 கிலோ'.

மூன்று தடவை படித்தேன். எழுத்துப் பிழை இல்லை. சிவப்புப் பேனாவால் வரி முழுவதையும் அடித்து, ஓரத்தில் நீக்கக் குறி போட்டேன்.

"அறுபதையும் செஞ்சு தரப்போற கம்பெனிக்காரங்க சொன்னாங்கக்கா. இப்பல்லாம் அப்படிப் போடுறதுதானாம்."

"நூலகத்துக்கு வர்றவங்கள வாசல்ல நிறுத்தி எடை போடுவாங்களா?"

"தடிமன் கூட்டுனா முதுகு வளைஞ்சு போற அந்தக் கோடு செத்துரும்க்கா. நாலு வருஷமா அந்தக் கோட்டுக்காகத்தான்..."

"அப்ப செவுத்துல மாட்டிக்கோ."

சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அவளாகக் கூப்பிட்டாள், கேட்டாள், எழுதிக்கொண்டாள். இதுவரை எந்த நாற்காலிக்காரர் என்னைக் கேட்டிருக்கிறார்? ஆனாலும் அந்த எண்பது — அதற்கு அந்தப் பக்கம் நிற்பது நான்தானே.

ஏப்ரல் 6, திங்கள்

போன் இல்லை.

ஏப்ரல் 9, வியாழன்

போன் இல்லை. சட்டப் புத்தகத்தில் இரண்டு பிழைகளை விட்டுவிட்டேன். அச்சக முதலாளி கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "உடம்பு சரியில்லையாம்மா?"

"நீயே போன் பண்ணிப் பேசேன்" என்கிறாள் மகள். எண்ணைத் தட்டுகிறேன், அழிக்கிறேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

காலையில் வாசலில் வேன். போர்வை சுற்றிய எதையோ குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு பென்சில் வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

கூடத்தில் வைத்துப் பிரித்தாள். முழுக்கத் தடிமன் கூட்டவில்லை. உடைகிற வளைவில் மட்டும் மூன்று அடுக்கு சேர்த்து, இரண்டு பக்கமும் இழைத்து இழைத்து மெலிய விட்டிருந்தாள். இருக்கையின் ஓரங்கள் கொஞ்சம் வெளியே விரிந்திருந்தன — கையூன்றி எழ.

"அந்தக் கோடு?"

"அது போச்சுக்கா." வளைவைக் கையால் ஒருமுறை தடவினாள். "இது வேற கோடு. இன்னும் பழகல."

"அன்னிக்கு நான் சொன்னது தப்பும்மா."

"சொன்ன விதம்தான்க்கா தப்பு" என்றாள். சரியான திருத்தம். ஏற்றுக்கொண்டேன்.

இதற்குள் இவர் போய் உட்கார்ந்துவிட்டார். சாய்ந்தார். "ம்" என்றார். இவர் வாயிலிருந்து 'ம்' வந்தால் அது தங்கப் பதக்கம். அதோடு விட்டாரா? செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார்.

"அப்பா, எந்திரிங்கப்பா! அம்மா உக்கார்றதுக்குத்தான் கொண்டுவந்திருக்காங்க!"

"விளையாட்டுப் பக்கம் மட்டும் பாத்துட்டுத் தரேன்."

ஒருவழியாக எழுந்தார். நான் உட்கார்ந்தேன், சாய்ந்தேன். பென்சில் மண்டியிட்டு, வளைவில் காதை வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு சத்தமும் இல்லை. பிறகு கையூன்றி நானாக எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். வேண்டுமென்றே, தொப்பென்று.

ஏப்ரல் 20, திங்கள்

அச்சகத்தில் அரை நாள் விடுப்பு. குழுவில் ஐந்து பேர். ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள், பிறகு பென்சில் என்னை உட்காரச் சொன்னாள். கால் மணி நேரம் சாய்ந்தபடியே அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தாளில் எண்பது இல்லை.

குழுவில் ஒருவர் பழைய படத்தை எடுத்துக் காட்டி, "இது இன்னும் அழகா இருந்துச்சே" என்றார்.

"ஆமா சார், இருந்துச்சு" என்றாள் பென்சில்.

அறுபதுக்கும் ஒப்புதல்.

ஜூன் 14, ஞாயிறு

நூலகம் திறந்து ஒரு வாரம் ஆகிறது. இன்று தனியாகப் போனேன். வாசிப்பறை நிறைந்திருந்தது. நான் ஓர் அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு, படிக்காமல், ஆட்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னைவிடப் பெரிய உடம்புக்காரர் ஒருவர் வந்தார். கையில் பத்திரிகை. நாற்காலியைப் பார்த்தார், சுவரோரம் நின்றபடியே இரண்டு பக்கம் படித்தார், மறுபடி நாற்காலியைப் பார்த்தார். பிறகு யாரும் கவனிக்கவில்லை என்று நிச்சயமானதும், நாற்காலியின் முதுகை ஒரு கையால் அழுத்திப் பார்த்தார். நான் சட்டென்று அகராதிக்குள் தலையைக் குனிந்துகொண்டேன்.

நிமிர்ந்தபோது நுனியில் உட்கார்ந்திருந்தார். பத்து நிமிடத்தில் நன்றாக உள்ளே. அரை மணி நேரத்தில் பத்திரிகை மார்பில் கிடக்க, வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிப்போனார்.

நூலகர் எழுப்பப் போனார். நான் விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், சிரித்தார், திரும்பிப் போய்விட்டார்.