துறைமேடையில் இடித்த படகு

அன்பு மகளுக்கு,

உங்கள் புதுப் பாய்மரப் படகின் முதல் பயணத்தில், முதல் வேலையாக வாந்தி எடுத்தவன் நான். அதுவும் காற்று வரும் பக்கமாகக் குனிந்து, என் சட்டை மேலேயே. அதற்கு நீ சிரித்தது நியாயம். பிறகு சிரித்தாயே, அதுதான் பொறுக்கவில்லை.

எட்டாவதோடு நின்றவன்தான். ஆனாலும் சுக்கான் கட்டையை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும் என்று காலையில் நீ சொன்னது எனக்கே புரிந்தது. மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. கரைக்குத் திரும்பும்போது, "அந்தப் பக்கம் தள்ளாதீங்க!" என்று கத்தினாய். "எனக்குத் தெரியும், நீ பாய்க்கயிறப் பிடி" என்றார். படகு நேராகப் போய்த் துறைமேடையில் இடித்தது.

மேடையில் நின்றவர்களிடம் என்ன சொன்னார்? "இவ கயிற விட்டுட்டா சார். பொம்பள கையில குடுத்தா இப்படித்தான்!" எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு வருடம் ஞாயிறு தவறாமல் படகோட்டப் படித்த நீ, கயிறு அறுத்த உள்ளங்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சிரித்தாய்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரைவிட என்னை நினைத்தால்தான் அதிகம். "நீங்களே சொல்லுங்க மாமா" என்று அவர் என் பக்கம் திரும்பினார். நான், வெட்கங்கெட்டவன், பல்லைக் காட்டித் தலையாட்டினேன்.

அங்கே என் தொண்டைவரை வந்து நின்றது இதுதான்: "என் பொண்ணு கயிற விடவே இல்ல மாப்ள. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

உன் அப்பா