அக்கா மிதித்தது பிரேக்கைத்தான்

மார்ச் 4, செவ்வாய்

கார் கம்பெனியிலிருந்து பதில். ஆய்வாளர் 25ஆம் தேதிதான் வருவாராம். அதுவரை வண்டியைத் தொடக் கூடாதாம். மூன்று வாரம்! எங்கள் தொழிற்சாலையில் ஒரு பேரிங் உடைந்தால் சாயங்காலத்துக்குள் காரணம் எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை அக்கா ஓட்டிக்கொண்டு போன கார் நிற்காமல் ஒரு கிடங்குச் சுவரில் மோதியது. பக்கத்தில் இருந்த அவள் கணவர், மாமாவுக்குத் தோள் எலும்பு முறிந்துவிட்டது. அக்காவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதுவே அவள் செய்த குற்றம் போல் ஆகிவிட்டது.

“பிரேக்னு நெனச்சு ஆக்சிலேட்டரை மிதிச்சிட்டா, பாவம்” என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் மாமா சொல்கிறார். பெண்டாட்டியை மன்னித்துவிட்ட குரல். அதுதான் எனக்கு எரிகிறது. அக்கா ஒரே ஒரு தடவை “இல்ல” என்றாள். அப்புறம் வாயைத் திறக்கவில்லை.

டிசம்பரில்தான் இந்த ரக வண்டிகளில் பிரேக் பூஸ்டர் சரியில்லை என்று கம்பெனியே எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டு மாற்றிக் கொடுத்தது. மிதிக்கும் காலின் பலத்தைப் பெருக்கித் தரும் உருண்டை டப்பா அது. மாற்றிப் போட்ட பூஸ்டரும் கெட்டுப்போயிருக்கிறது. எனக்குச் சந்தேகமே இல்லை.

மார்ச் 5, புதன்

கழற்றிவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

பிரித்தும் பார்த்துவிட்டேன். உள்ளே ரப்பர் திரை விரல் நீளத்துக்குக் கிழிந்திருக்கிறது. ஏழு போட்டோ எடுத்து அனுப்பினேன். கீழே ஒரே வரி: “இதற்கு என்ன சொல்கிறீர்கள்?”

மார்ச் 12, புதன்

சொல்லிவிட்டார்கள். “மூடி முத்திரையிடப்பட்ட பாகத்தைத் தாங்களே பிரித்திருப்பதால், கிழிசல் பிரிக்கும்போது ஏற்பட்டிருக்க வாய்ப்புண்டு. வேறு ஆதாரம் இல்லாத நிலையில் இதை ஓட்டுநரின் தவறாகவே கருதுகிறோம்.” ஆய்வாளர் வந்து வண்டியை மட்டும் பார்த்துவிட்டுப் போவாராம்.

மூடியின் விளிம்பை ஸ்க்ரூ டிரைவரால்தான் நெம்பினேன். ஒரு இடத்தில் வழுக்கியது. எந்த இடத்தில்? கிழிசல் இருந்த பக்கமா? பிரிப்பதற்கு முன் ஒரு போட்டோ — ஒன்றே ஒன்று — எடுத்தேனா?

உடைந்த பீஸை அளவெடுக்காமல் தொட்டதற்காகப் போன மாதம் ஒரு ஆபரேட்டரை நாலு பேர் முன்னால் வாங்கு வாங்கென்று வாங்கினேன். இப்போ நானே... ச்சே.

மார்ச் 17, திங்கள்

வக்கீல் நண்பனிடம் அந்தப் பதிலைக் காட்டினேன். “கம்பெனிக்காரன் செய்ய வேண்டிய வேலைய நீயே செஞ்சு குடுத்திருக்கியேடா” என்றான். சிரித்தான் வேறு.

அக்கா வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்கிறவள். கார் இல்லாமல் முடியாது. ஒரு தோழி தன் வண்டியைத் தருகிறேன் என்றாள், வேண்டாமாம். பக்கவாதம் வந்த ஒருவரின் மகள் போன் செய்து கெஞ்சினாள். “வேற யாரையாவது பாருங்கம்மா, எனக்குக் கைகால் நடுங்குது” என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.

“வண்டிய ரிப்பேர் பண்ணி வித்துடலாம். அவ இனிமே ஓட்ட வேண்டாம்” என்றார் மாமா. அக்கா தலையாட்டினாள். சண்டை போட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

மார்ச் 24, திங்கள்

அவளிடம் சொல்லிவிட்டேன். “பிரிச்சிட்டேன்க்கா. இருந்த ஆதாரத்தையும் நானே கெடுத்துட்டேன்.”

மடித்துக்கொண்டிருந்த சட்டையை மடித்து முடித்தாள். “பரவால்ல விடு.”

திட்டியிருக்கலாம்.

மார்ச் 25, செவ்வாய்

ஆய்வாளர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். நான் நீட்டிய கோப்பை வாங்கவே இல்லை.

“ஓட்டினது யாரு?”

அக்கா கதவோரம் நின்றிருந்தாள்.

“மிதிச்சப்ப காலுக்கு எப்படி இருந்துச்சுங்க?”

“கல்லு மாதிரி ஆயிடுச்சு. ரெண்டு காலையும் வெச்சு மிதிச்சேன், இறங்கல. கால்கிட்ட உஸ்ஸுன்னு ஒரு சத்தம். கால எடுத்தா சத்தம் நின்னுச்சு. மிதிச்சா மறுபடி வந்துச்சு.”

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தினாள். “கால எடுத்தா நின்னுச்சா? நல்லா ஞாபகம் இருக்கா?”

“அதே சத்தம்தான் தினமும் காதுல கேக்குது.”

திரை கிழிந்து காற்று கசிந்தால்தான் அந்தச் சத்தம் வரும். ஆக்சிலேட்டரை மிதித்தால் வராது. கார் மோதிய அந்த வெள்ளிக்கிழமை என் ஸ்க்ரூ டிரைவர் பெட்டிக்குள் இருந்தது. கம்பெனிக்குப் பதினோரு மின்னஞ்சல் எழுதினேன், அக்காவோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு.

“ஏன்க்கா சொல்லல?”

“நீ எங்கடா கேட்ட?”

போகும்போது அந்தப் பெண் அக்காவிடம், “இப்ப சொன்னத அப்படியே எழுதி அனுப்புங்க” என்றாள். என் பக்கம் திரும்பி, “சார், நீங்க திருத்தாதீங்க.”

மார்ச் 26, புதன்

ஒரு பக்கம் எழுதினாள். ‘உஸ்’ என்றே எழுதியிருக்கிறாள். திருத்தவில்லை. கை பரபரத்தது.

ஏப்ரல் 9, புதன்

பதில் இல்லை. ஒரு சத்தத்தை யார் நம்புவார்கள்?

ஏப்ரல் 22, செவ்வாய்

பதில் இல்லை. வேறு பூஸ்டர் போட்டு, முன்பக்கத்தை நிமிர்த்தி, கார் வந்துவிட்டது. மாமா விளம்பரம் கொடுக்கப் போகிறாராம். கடைசியாகப் பதினைந்து நாள் பொறுக்கச் சொன்னேன். நான், பொறுக்கச் சொன்னேன்!

மே 6, செவ்வாய்

கடிதம் வந்தது. டிசம்பரில் மாற்றிய பூஸ்டர்களையும் கம்பெனி திரும்ப வாங்கிக்கொள்கிறது. அக்காவுக்குத் தனியாக ஒரு பத்தி: ஓட்டுநரின் தவறு என்று முன்பு எழுதியதைத் திரும்பப் பெறுகிறார்கள். மன்னிப்பு என்ற சொல் இல்லை, தேடிப் பார்த்தேன்.

மாமா ஒரு கையால் கடிதத்தை மேசையில் விரித்துப் படித்தார். கோளாறின் அறிகுறிகள் என்று போட்டிருந்ததை மட்டும் வாய்விட்டுப் படித்தார்: “மிதி இறுகிப்போதல். மிதிக்கும்போது காலடியில் காற்று கசியும் ஓசை.” இன்னொரு தடவை படித்தார். அக்கா தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டே இருந்தாள்.

“நாளைக்கு எலும்பு டாக்டர்கிட்ட போகணும்” என்றார்.

“டாக்சி சொல்லிடட்டுமா மாமா?” என்றேன்.

“நான் உன்ன கேக்கல.”

அக்கா கையிலிருந்த தட்டை வைத்தாள்.

“எத்தன மணிக்கு?” என்று கேட்டாள்.