ஏழு நாற்காலிகளின் ஓட்டு

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சௌக்கியம். உன் முதுகுவலி தேவலையா? சபை உறுப்பினர் ஆனதிலிருந்து உட்கார்ந்தே கிடக்கிறாய், வலிக்காமல் என்ன செய்யும்?

உன் மருமகள், என் பெண் வாலுவுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. சந்தோஷம் ஒரு நாள்தான். பணம் கட்டப் போனால், "பொண்ணு வெளிநாட்டுக்காரிம்மா, குடியுரிமை இல்லாம சேர்க்க முடியாது" என்கிறார் கிளார்க். இவள் பிறந்தது நான் நர்ஸாக இருக்கும் இதே பிரசவ வார்டில். தகப்பன் முகமே அவளுக்கு ஞாபகமில்லை, அவர் நாட்டைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். ஆனாலும் பிள்ளை தகப்பன் நாட்டைச் சேரும் என்று நாட்டை நிறுவிய ஏழு பெரியவர்கள் எழுதிவைத்துவிட்டார்களாம். சுமந்தவள் எந்த நாட்டுக்காரி என்று கேட்க அந்த ஏழு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு வயிறு எரிகிறது.

தாயும் குடியுரிமை தரலாம் என்று ஒரு திருத்தம் வருகிறதாமே. தாய்மாமன் நீ உள்ளே இருக்கும்போது எனக்கென்ன கவலை என்று வார்டு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். மானத்தைக் காப்பாற்று.

அன்புடன்,
அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

வாலுவுக்கு என் வாழ்த்து. திருத்தத்துக்கு என் கை கட்டாயம் உயரும், நீ நிம்மதியாக இரு.

ஆனால் கோபத்தில் பெரியவர்களைப் பேசாதே. சபையில் முன்வரிசையில் அவர்களுடைய ஏழு நாற்காலிகளும் காலியாகவே இருப்பது உனக்குத் தெரியும். அரசியல் சட்டத்தில் எதைத் திருத்த வந்தாலும் அந்த ஏழும் 'வேண்டாம்' என்று எண்ணப்படும். இந்த வழக்கத்தை நிறுத்தச் சொல்லி, உன் திருத்தம் வரும் அன்றே காலையில் ஒரு தீர்மானம் வருகிறது. அது சபை நடைமுறை என்பதால் அதில் மட்டும் நாற்காலிகளுக்கு ஓட்டில்லை. மதியம்தான் உன் விஷயம்.

நாற்காலி என்ன ஓட்டுப் போடுவது என்று இளவட்டங்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நர்ஸுகளின் வேலைநிறுத்த உரிமையைப் பிடுங்க வந்த திருத்தம் அந்த ஏழு ஓட்டால்தானே தோற்றது? இப்போது இருக்கிற ஆட்களைக் கடிவாளம் இல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று பயமாக இருக்கிறது. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பாசமுள்ள,
தம்பி

மார்ச் 17

அன்புள்ள தம்பிக்கு,

ஆறவில்லை எனக்கு. வேலை முடிந்து நானும் வாலுவும் மதியம் சபைக்கு ஓடிவந்தோம். பார்வையாளர் மாடத்தில் இடமில்லை, நின்றே பார்த்தோம். கீழே மெத்தை போட்ட ஏழு நாற்காலிகளை ஒரு சேவகர் துடைத்துக்கொண்டிருந்தார். நீ கை தூக்கியதும் இவள், "மாமா தூக்கிட்டார்ம்மா" என்று என் கையைக் கிள்ளினாள். வேண்டும் என்றவர்கள் நாலு பேர் அதிகம். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தோம். அப்புறம் சபாநாயகர் எழுந்து ஏழு பேரின் பெயரையும் ஒவ்வொன்றாக வாசித்து, ஒவ்வொன்றுக்கும் 'வேண்டாம்' என்றார். செத்து எத்தனையோ தலைமுறை ஆனவர்கள் என் பெண்ணைப் பார்த்து வேண்டாம் என்கிறார்கள். என்ன அநியாயம் இது?

அவர்களே தங்கள் தாத்தாக்கள் எழுதிய சட்டத்தைக் கிழித்துப்போட்டுத்தானே இந்த நாட்டை உண்டாக்கினார்கள்? வேலைநிறுத்த உரிமையை நாற்காலிகளா காப்பாற்றின? மழையில் தெருவில் கிடந்தது நாங்கள். எங்களைப் பார்த்துப் பயந்துதான் பாதிப் பேர் மாற்றி ஓட்டுப் போட்டார்கள்.

காலைத் தீர்மானம் ஒரே ஓட்டில் தோற்றதாமே. எந்தப் புண்ணியவான் அந்த நாற்காலிகளைக் காப்பாற்றினானோ, அவன் வீட்டில் பெண் பிள்ளையே கிடையாதா? நீயாவது எங்களுக்காக நின்றாய். உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

அன்புடன்,
அக்கா

மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். சபையில் என்னால் ஆனது அவ்வளவுதான்.

அமைச்சரிடம் பேசிவிட்டேன். வாலுவுக்கு மட்டும் சிறப்பு அனுமதி தருகிறாராம், கல்லூரியில் சேரலாம். வெளியே யாரிடமும் சொல்லாதே, மற்றவர்களும் வந்து நிற்பார்கள். மனசை விட்டுவிடாதே.

பாசமுள்ள,
தம்பி

மார்ச் 30

தம்பிக்கு,

நேற்று டிவியில் உன் பேட்டி வருகிறது என்று தெரிந்து, வார்டில் இருந்தவர்களையெல்லாம் நான்தான் கூப்பிட்டு உட்காரவைத்தேன். பிள்ளை பெற்று இரண்டு நாள் ஆனவள்கூட எழுந்து வந்தாள். என் தம்பி, என் தம்பி என்று பீற்றிக்கொண்டேன். நீ சிரித்துக்கொண்டே, "பெரியவங்க நாற்காலியைக் காப்பாத்தின அந்த ஒரு ஓட்டு என்னுதுதான்" என்றாய். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. டாக்டரம்மாதான் எழுந்துபோய் டிவியை அணைத்தார்.

காலையில் செத்தவர்கள் ஏழு பேருக்கு ஓட்டுக் கொடுத்துவிட்டு, மதியம் உயிரோடிருக்கும் என் பெண்ணுக்கு ஒன்று கொடுத்திருக்கிறாய். அதற்கு நான் பெருமைப்பட்டு எழுதினேன், நீ வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டாய். காலையில் என்ன செய்தேன் என்று ஒரு வரி எழுதியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அக்காவாகவே இருந்திருப்பேன்.

பெரியவர்களைக் கும்பிட வேண்டாம் என்று யார் சொன்னது? படத்தை மாட்டு, மாலை போடு, அவர்கள் சொன்னதைப் படித்துக் காட்டு, நானும் கேட்கிறேன். ஆனால் நாங்கள் கெஞ்சினாலும் அழுதாலும் மனசு மாறாத ஆளுக்கு ஓட்டு எதற்கு?

உன் சிறப்பு அனுமதி வேண்டாம். வாலுவே சொல்லிவிட்டாள். "எனக்கு மட்டும்னா வேணாம்மா. என் கிளாஸ்ல என்னை மாதிரியே இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க" என்றாள். சொல்லிவிட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அவள் இடம் நேற்று வேறு யாருக்கோ போய்விட்டது.

அடுத்த கூட்டத்தொடரில் இரண்டு தீர்மானங்களும் மறுபடி வருமாம். இந்த வார்டில் என்னைப்போல வெளிநாட்டுக்காரருக்குப் பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் உங்கள் சபை வாசலில் நிற்கப்போகிறோம். நீ எங்களைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். போகும்போது எல்லோர் முன்னாலும் என்னை அக்கா என்று கூப்பிட்டுவிடாதே.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா