உன்னைக் கிடத்தியிருந்தபோது கேட்ட மீட்டர்

அக்கா,

இன்று காலை ஆட்டோவின் சார்ஜர் பிளக்கைப் பிடுங்கும்போது சூடான பிளாஸ்டிக் வாசனை அடித்தது. அந்த வாசனை வந்தால் உன் சேலையும் நினைவுக்கு வரும். பிளக்கைப் பிடுங்கியதும் முந்தானையால் ஒரு துடை துடைப்பாய். அப்புறம் அந்த வாசனை உன்னோடு சந்தாபுராவிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் போய்வரும்.

கூடப் பிறக்காவிட்டாலும் நம் இருவருக்கும் ஒரே ஆட்டோ. தனித்தனியாகக் கேட்டபோது எந்தப் பேங்கும் லோன் தரவில்லை. மகளிர் குழு பேரில் சேர்ந்து வாங்கினோம். காலையில் நீ பி.ஜி. விடுதிப் பெண்களைக் கம்பெனிகளில் இறக்கிவிடுவாய். மதியத்துக்கு மேல் வண்டி என் கையில். "மத்தவங்க பங்க்குல நிக்கறாங்க. நாம பிளக்குக்கு அலையறோம்" என்று சிரிப்பாய்.

அலைச்சல்தான். நாம் குடியிருந்த வரிசை வீடுகளுக்கெல்லாம் ஓனர் பேரில் ஒரே கரண்ட் மீட்டர். வண்டிக்குத் தனி மீட்டர் வைக்க அவர் சம்மதிக்க வேண்டும். நீ கேட்கும்போதெல்லாம், "பேடம்மா, பேட, வேணாம். வயரு சூடாகி வீடு பத்திக்கிச்சுன்னா யாரு ஜவாப்தாரி?" என்பார். அவர் பயந்தது நிஜம். அதனால் சண்டை போடவும் முடியவில்லை.

காசு கொடுத்து சார்ஜ் போட ஒரு அபார்ட்மெண்ட் வாசல் கிடைத்தது. ஒருநாள் காரில் வந்த ஒரு அம்மா, நாம் கரண்ட் திருடுவதாகக் கத்தினாள். "காசு கட்டித்தான் மேடம் போடறோம்" என்று நீ சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டார்கள். பாதி வழியில் வண்டி நின்றது. நீ ஹேண்டிலைப் பிடிக்க, நான் பின்னாலிருந்து தள்ள, கம்பெனி கேப்களில் போனவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று. உனக்குக் கோபம்தான் வந்தது. "மீட்டர் வாங்காம விடமாட்டேன்டி" என்றாய்.

அதற்குள் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

தங்கவயலிலிருந்து உன் சொந்தக்காரர்கள் வரக் காத்திருந்தோம். ஓனர் மாலையோடு வந்தார். உன் காலடியில் நின்று கண் கலங்கினார். என் பக்கம் திரும்பி, "என்ன உதவி வேணும்னாலும் கேளும்மா" என்றார். வந்தவர்களுக்கு நாற்காலி, பந்தல் என்று ஏதாவது கேட்பேன் என நினைத்திருப்பார்.

நான், "வண்டி மீட்டருக்குச் சரின்னு சொல்லுங்க சார்" என்றேன்.

அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அவர் உன்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "ஆயிதம்மா. வெச்சுக்கோ" என்றார். அந்த இடத்தில் அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. தெரிந்துதான் கேட்டேன்.

இதே ஊரில் இருக்கும் உன் தங்கை தலையை நிமிர்த்தினாள். "பொணம் இன்னும் வீட்டுல கெடக்குது. உனக்குக் கரண்ட் கேக்குதா?"

மீட்டர் வந்துவிட்டது. நல்ல வயரிங்கும் போட்டாயிற்று. பக்கத்துத் தெருப் பெண்களும் இங்கேதான் சார்ஜ் போடுகிறார்கள். "உங்க அக்கா இருந்தா சந்தோஷப்பட்டிருக்கும்" என்கிறார்கள். பட்டிருப்பாய். ஆனால் நான் செத்துக் கிடந்து, என் பக்கத்தில் நீ இருந்திருந்தால், நீ அழுதிருப்பாய். வேறு எதையும் கேட்டிருக்க மாட்டாய். அங்கேதான் என்னால் உன் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

போன வாரம் உன் தங்கை வந்தாள். சாப்பாடு டெலிவரி வேலையில் சேர்ந்திருக்கிறாளாம். பேட்டரி ஸ்கூட்டரை வாடகைக்கு எடுத்திருக்கிறாள். அவள் வீட்டிலும் சார்ஜ் போட வழியில்லை. என்னைப் பார்க்காமல் பிளக்கை நீட்டினாள். வாங்கி மாட்டினேன்.

"அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

"பேசாதக்கா. சார்ஜ் ஏறட்டும்."

டீ போட்டுக் கொடுத்தேன். தம்ளரை வாங்கிக்கொண்டாள். அதோடு சரி. அவள் மன்னிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றைக்கு மீட்டர் கேட்ட இதே வாயால்தான், அக்கா, தினமும் சவாரிக்கு ஆள் கூப்பிடுகிறேன்.