மேற்குக் கேலரியின் கைப்பிடி

அன்புள்ள மோராக்,

இன்வர்னஸில் உன் அக்கா வீட்டுப் பக்கம் மழை விட்டதா? இங்கே விடவில்லை.

நேற்று கால்பந்து கிளப்பின் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பழைய மைதானத்தை இடித்துவிட்டு, ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டப் போகிறார்கள். தலைவர் கெர் காரணங்களை அடுக்கினார். கூரை ஒழுகுகிறது, கழிப்பறை நாறுகிறது, கார் நிறுத்த இடமில்லை, டிவிக்காரர்கள் வர மறுக்கிறார்கள். மேற்குக் கேலரியில் கைப்பிடிக் கம்பி துருவேறி முறிந்ததைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

நான் எழுந்துவிட்டேன். "எங்க பையன் ஃபின்லே அங்கேருந்து விழுந்து செத்தானே, அது ஒரு காரணம் இல்லையா?"

கெர் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அதைப் பத்தி வாயே திறக்கக்கூடாதுன்னு வக்கீல் சொல்லிட்டார், ஏங்கஸ்."

பக்கத்திலிருந்த டூகி என் கோட்டைப் பிடித்து இழுத்தான். "உக்காருப்பா. எப்படியோ இடிக்கிறாங்கல்ல?"

உட்கார்ந்தேன். சம்மதமுள்ளவர்களைக் கை தூக்கச் சொன்னபோது நானும் தூக்கினேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

உன்னைத் திரும்பி வரச் சொல்லத்தான் எழுத ஆரம்பித்தேன். எதற்காக வர வேண்டும் என்று சொல்ல எனக்கே தெரியவில்லை.

புது மைதானத்தில் நின்று பார்க்க இடமே கிடையாதாம். எல்லாம் நாற்காலிதானாம். நம் பையனுக்கு அது துளியும் பிடித்திருக்காது. அவர்கள் முன்பே கட்டியிருந்தால், பிடிக்கவில்லை என்று கத்திக்கொண்டு இந்நேரம் சமையலறையில் நின்றிருப்பான்.

இன்னும் இதே வீட்டில் இருக்கும்
உன் கணவன்