முதுகில் எட்டுப் போத்தல்

ஜூன் 10, செவ்வாய்

காலை ஆறு மணிக்கே புழுக்கம். மின்விசிறி ஒரு பக்கம் மட்டும்தான் திரும்புகிறது. இவர் படுக்கிற பக்கம்.

செய்ய வேண்டியவை: உறைந்த கோழியை வெளியே எடுத்து வைக்க. பின் பல்கனியில் உடுப்பு. சனிக்கிழமைக்கு மண்டபத் திறப்பை வாங்கி வைக்க, ஃபாதரிடம் நினைவூட்ட. ரோல்ஸுக்கு உருளைக்கிழங்கு, பத்து இறாத்தல்.

இன்று இத்தாலியில் சைக்கிள் ஓட்டம் தொடக்கம். ஆறு நாள். ஜெனியின் அணியில் ஆறு பெண்கள். தலைவி கியாரா. மற்ற ஐந்து பேரும் கியாரா வெல்வதற்காக ஓடுகிறவர்கள். காற்றை மறைத்து முன்னால் போவது, பின்னால் காருக்குப் போய் வருவது, எல்லாம். என் மகள் அந்த ஐந்தில் ஒருத்தி. இதை அவள் எனக்கு மூன்று தடவை விளக்கியிருக்கிறாள். மூன்று தடவையும் ஓம் ஓம் என்று சொல்லியிருக்கிறேன்.

நான் சமைக்கிற கார்டெரியில், பிள்ளைகள் காப்பகத்துக் குசினியில், போனைச் சீனிப் பேணியில் சாய்த்து வைத்துப் பார்த்தேன். கரட் வெட்டிக்கொண்டே. இரண்டு தடவை அவள் தலைக்கவசம் தெரிந்தது. அல்லது வேறு யாருடையதோ. 88ஆவதாக வந்தாள்.

அணிப் பொறுப்பாளர் மவுரோ. காரில் பின்னால் வந்துகொண்டே பிள்ளைகளின் காதுக்குள் கட்டளை சொல்கிறவர். ஜெனியின் இரண்டு வருட ஒப்பந்தம் இந்த வருடத்தோடு முடிகிறது. அடுத்த வருடம் யார் யார் என்று இம்மாத முடிவில் சொல்வாராம். பன்னிரண்டு வயதிலிருந்து இந்த ஊர் மலையில் மழை பனி பாராமல் ஏறி இறங்கியவள். அவளுக்கு வேறு ஒன்றும் வேண்டாம். வேறு ஒன்றும் தெரியவும் தெரியாது.

கோழியை வெளியே எடுக்க மறந்துவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

பு.ம. போன் எடுத்தா. (புரோசார்ட்டில் இருக்கிற மச்சாள். இவருடைய அக்கா. முழுப்பெயரும் எழுத மனமில்லை.)

"றீற்றா, சனிக்கிழமை நாங்களும் வாறம். பிள்ளை முதலாவதா வருவாவோ?"

"பாப்பம் மச்சாள்."

"பாக்கிறதுக்கு என்ன, வரத்தானே வேணும். பூசையில ஃபாதரும் சொல்லிப்போட்டார்."

உண்மை. போன ஞாயிறு பூசை முடிவில் ஃபாதர் அறிவித்தது: எங்கள் பங்கின் மகள், இத்தாலியில், சனி காலை மண்டபத்தில் பெரிய திரையில். சொல்லச் சொன்னது நான்தான். வேறு யாரைக் குறை சொல்வது.

இவரிடம் கேட்டேன், சனத்தைக் கூப்பிட்டது பிழையோ என்று. "கூப்பிட்டாச்சு" என்றார். ஸ்கூல் பஸ் ஓட்டி ஓட்டி இவர் நிறுத்தத்துக்கு ஒரு சொல்லுக்கு மேல் பேசுவதில்லை.

ஜூன் 14, சனி

இன்று எழுத விருப்பமில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ரோல்ஸ் 120. பற்றிஸ் 80. சனம் நாற்பது இருக்கும். எங்கள் பார்க் எக்ஸ் சனம் பாதி, நோத்ர-டாம்-த-கிரேஸிலிருந்து இரண்டு குடும்பம், புரோசார்ட்டிலிருந்து பு.ம. பட்டுச் சேலையில். சைக்கிள் ஓட்டம் பார்க்கப் பட்டுச் சேலை.

திரை பெரிது. முதல் அரை மணி நேரம் ஒன்றும் விளங்கவில்லை, எல்லாரும் கதைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். பிறகு கமரா ஒரு பிள்ளையைப் பிடித்தது. ஜெனி! மண்டபமே கைதட்டியது. நான் எழும்பி நின்றுவிட்டேன்.

அவள் கூட்டத்தை விட்டுப் பின்னுக்கு வருகிறாள். காருக்குப் பக்கத்தில் வருகிறாள். யன்னலால் மவுரோவின் கை. ஒரு போத்தல். சட்டைக்குள் முதுகுப் பக்கமாகத் திணிக்கிறாள். இன்னொன்று. இன்னொன்று. கழுத்தால் உள்ளே விடுகிறாள். எட்டு எண்ணினேன். முதுகு கூன் விழுந்த மாதிரிப் புடைத்துவிட்டது. அந்தப் பாரத்தோடு ஏற்றத்தில் ஏறி, கூட்டத்துக்குள் புகுந்து, ஒவ்வொருத்தியிடமும் நீட்டுகிறாள். கியாரா வாங்கும்போது திரும்பியும் பார்க்கவில்லை. வர்ணனை சொல்கிற இத்தாலிக்காரன் ஜெனியின் பெயரைச் சொல்லிச் சொல்லி ஏதோ கத்தினான். புகழ்ந்தானோ என்னவோ. மண்டபத்தில் ஒருவருக்கும் அந்தப் பாஷை தெரியாது.

பின் வரிசையில் யாரோ: "என்ன, பிள்ளை தண்ணியோ காவுறா?"

பு.ம., ரோல்ஸைக் கடித்துக்கொண்டு: "இதுக்கோ இவ்வளவு தூரம் போனவ? எங்கட வீட்டில தண்ணி அள்ளிக் குடுக்க வேறை ஆக்கள் எல்லோ இருந்தவை."

சாதி என்ற சொல்லை அவ சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை. நாற்பது பேருக்கும் விளங்கியது. இரண்டு பேர் சிரித்தார்கள். அதில் ஒருத்திக்கு நான் பேறுகாலத்தில் பத்தியம் சமைத்துக் கொடுத்தவள்.

அதோடும் விடவில்லை கடவுள். கடைசி மலைக்கு முன் கியாராவின் முன் சில்லுக்குக் காற்றுப் போய்விட்டது. ஜெனி உடனே இறங்கித் தன் சில்லைக் கழற்றிக் கொடுத்தாள். கியாரா போய்விட்டாள். என் பிள்ளை முன் சில்லில்லாத சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தெருவோரம் நிற்கிறாள், கார் வரும்வரை. கமரா அதையும் விடாமல் காட்டியது.

கியாரா முதலாவது. ஐந்து நாள் மொத்த நேரத்திலும் இப்போது அவள்தான் முன்னால். ஜெனி 94. மண்டபத்தில் ஒருவரும் கைதட்டவில்லை. கதிரைகளை மடக்கும் சத்தம் மட்டும். ஃபாதர் வந்து "நல்லாச் செய்தவ" என்றார். அவர் முகத்தைப் பார்க்கவில்லை நான்.

ரோல்ஸ் 31 மிச்சம்.

பின்னேரம் 4 மணி. செய்துவிட்டேன். ஜெனி போன வருடம் மவுரோவின் நம்பர் தந்திருந்தாள், "அவசரத்துக்கு மட்டும் அம்மா" என்று. இது அவசரம் இல்லாமல் வேறு என்ன? தமிழில் எழுதினேன், போன் இத்தாலியனில் மாற்றியது:

"நான் ஜெனியின் தாய். என் மகள் வேலைக்காரி இல்லை. எங்கள் குடும்பத்தில் மற்றவர்களுக்குத் தண்ணீர் சுமந்தவர் எவரும் இல்லை. அது எங்களுக்கு அவமானம். அவளைத் தனக்காக ஓட விடுங்கள்."

இருபது நிமிடத்தில் பதில். ஒரே சொல். போன் சொல்கிறது: "கிடைத்தது."

இவருக்குச் சொல்லவில்லை. நெஞ்சு லேசாக இருக்கிறது. இந்த நாட்டுக்கு வந்து இருபத்தாறு வருடமாக யாரிடமும் ஒன்றையும் கேட்காதவள், இன்று கேட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

கடைசி நாள். பூசைக்குப் போகவில்லை. அந்த முகங்களை யார் பார்ப்பது. வீட்டில் சத்தத்தைக் கூட்டி வைத்துப் பார்த்தேன்.

மாதாவே! ஜெனி முன்னால்! நாலு பேர் கூட்டத்தை விட்டு ஓடிவிட்டார்கள், அதில் ஒருத்தி என் பிள்ளை. முதுகில் ஒன்றுமில்லை. சட்டை தட்டையாக, வடிவாக. பு.ம.வுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். எல்லாருக்கும் அனுப்பினேன். எழுதினது வீண் போகவில்லை என்று அழுதேன்.

கடைசி ஏற்றத்தில் கூட்டம் பிடித்துவிட்டது. பரவாயில்லை. 31ஆவது. இதுவரைக்கும் அவளுக்கு இதுதான் திறம்.

கியாரா அந்த ஏற்றத்தில் தனியே. பக்கத்தில் எங்கள் அணிப் பிள்ளை ஒருத்தியும் இல்லை. வெறும் போத்தலை ஆட்டிக் காட்டினாள், யாரும் வரவில்லை. கொஞ்ச செக்கனில் மொத்த நேர முதலிடம் போய்விட்டது. எனக்குப் பாவமாக இல்லை. அப்படியே எழுதுகிறேன், பாவமாக இல்லை.

பு.ம.: "இண்டைக்குப் பரவாயில்லை." ஒரு பெருவிரல் படம்.

ஜெனி பின்னேரம் எடுத்தாள். அங்கே இரவு. சந்தோசப்படுவாள் என்று பார்த்தால் குரல் உடைந்திருந்தது.

"அம்மா, மவுரோ காலமை அணி பஸ்ஸில எல்லாருக்கும் முன்னால சொன்னவர், நீ இண்டைக்கு உனக்காக ஓடு எண்டு. ஏனெண்டு விளங்கேல்ல. கியாராவை ஆர் பாக்கிறது எண்டு கேட்டன். அது உன்ர வேலை இல்லை எண்டிட்டார்."

"நல்லதுதானே பிள்ளை."

"என்ன நல்லது? நேற்றுச் சாப்பாட்டு மேசையில கியாரா எழும்பி வந்து எனக்குத்தான் முதல் தண்ணி ஊத்தினவ. இங்க வழக்கம் அது. வெண்டவள்தான் அண்டைக்கு எல்லாருக்கும் ஊத்த வேணும், ஆர் கூட உழைச்சதோ அவைக்கு முதல். எனக்கு முதல் ஊத்தினவ அம்மா. இண்டைக்கு என்ர பக்கத்தில வந்து இருக்கவும் இல்லை."

நான் எழுதினதைச் சொல்லவில்லை. "களைச்சுப்போனாய், படு" என்றேன்.

ஜூன் 16, திங்கள்

ஒன்றும் இல்லை. சூப் உறைத்துவிட்டது என்று கார்டெரி மடாம் சொன்னா. பிள்ளைகள் குடிக்கவில்லை.

ஜூன் 18, புதன்

இடி, மழை. மெத்ரோ வாசலில் நிற்கும்போது அழைப்பு.

"அம்மா, நீங்கள் மவுரோவுக்கு எழுதினனீங்களோ?"

பொய் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். நான் எழுதினதை ஒவ்வொரு வரியாக வாசித்தாள். இத்தாலியனில் இருந்ததைத் தமிழில் திருப்பிச் சொன்னாள். என் சொற்கள்தான். அவள் வாயால் கேட்க நாறியது.

"மவுரோவின்ர அப்பாவும் இந்த வேலைதான் செய்தவர். பதினொரு வருசம் தண்ணி காவினவர். ஒரு ஓட்டமும் வெல்லேல்ல. அவர் முதுகு நிறையப் போத்தலோட ஓடுற படம்தான் எங்கட பஸ்ஸில ஒட்டிக் கிடக்கு. நீங்கள் அவமானம் எண்டு எழுதியிருக்கிறியள்."

"எனக்குத் தெரியாதே பிள்ளை."

"மூண்டு தரம் சொன்னனான்."

பிறகு, மெதுவாக: "அவர் கோவிக்கேல்ல. உன்ர வீட்டு ஆக்களுக்கு அவமானம் எண்டால் நான் உன்னைக் கேக்க மாட்டன் எண்டார். தனக்காக ஓடுற பிள்ளையள் தனக்குப் பத்துப் பேர் இருக்கினமாம். ஏத்தத்தில எட்டுப் போத்தல் கொண்டு வாறவள் ஒருத்திதான் இருந்தவளாம். அடுத்த வருசம் நான் இல்லை அம்மா."

மாத முடிவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது என்றேன். என்ன மடத்தனமான கதை. அவள் வைத்துவிட்டாள்.

நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தேன். குடை கையில்தான் இருந்தது.

ஜூன் 21, சனி

ஜெனிக்கு எடுத்தது: 6 தடவை. அவள் திருப்பி எடுத்தது: இல்லை.

மவுரோவுக்கு இரண்டாவது தடவை எழுதினேன். பிழை என்னுடையது, மகளுக்குத் தெரியாது, மன்னிக்க வேண்டும், அவளுக்கு அந்த வேலைதான் விருப்பம் என்று. பதில் மரியாதையாக வந்தது. "அம்மணி, நன்றி. அந்த இடத்துக்கு இன்னொரு பிள்ளையைக் கேட்டு, அவளும் சம்மதித்துவிட்டாள்."

அவ்வளவுதான். வேறு ஒருத்தியின் தாய் இப்போது சந்தோசமாக இருப்பா.

ஜூன் 24, செவ்வாய்

சென்-ஜான், இந்த மாகாணத்துக்கு விடுமுறை. எதிர் வீட்டுப் பல்கனியில் நீலக் கொடி. கீழே யாரோ இறைச்சி சுடுகிற புகை நேரே எங்கள் குசினிக்குள்.

இவருக்கு ஜெனி சொல்லிவிட்டாள். நேற்றே தெரியுமாம். இன்று தேத்தண்ணி குடித்துக்கொண்டு:

"நான் இருபத்தொரு வருசமா மற்றவையின்ர பிள்ளையளைத்தான் ஏத்தி இறக்கிறன். நீர் மற்றவையின்ர பிள்ளையளுக்குத்தான் சமைக்கிறீர். எங்கட வேலையையும் ஆருக்காவது எழுதி நிப்பாட்டும்."

இத்தனை சொல் சேர்ந்தாற்போல் இவர் வாயிலிருந்து வந்து எத்தனை வருடம்.

"உங்கட அக்காதான் மண்டபத்தில அப்பிடிச் சொன்னவ" என்றேன்.

"அக்கா சொன்னவ. எழுதினது நீர்."

கார்டெரியில் ஒவ்வொரு நாளும் 48 கப், இரண்டு தடவை, தண்ணீர் ஊற்றுகிறேன். பிள்ளைகள் பிரெஞ்சில் கேட்டுக் கத்துவார்கள், ஓடி ஓடி ஊற்றுவேன். அதை ஒரு நாளும் அவமானம் என்று நினைத்ததில்லை. சம்பளம் என்று நினைத்தேன். என் மகள் செய்தபோது மட்டும் எனக்குள்ளே பு.ம. எழும்பி உட்கார்ந்துவிட்டா. அவ வெளியில் இருந்து வரவில்லை, உள்ளேதான் இருந்திருக்கிறா. இதை ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேணும். சொல்லமாட்டேன் என்றும் தெரியும்.

ஜூலை 1, செவ்வாய்

வாடகை ஒப்பந்தம் முடிந்து ஊரே வீடு மாறுகிற நாள். தெரு முழுக்கக் கட்டில், மெத்தை, கழற்றிய மேசை. மேல் மாடிக்காரர் குளிர்சாதனப் பெட்டியைக் கயிற்றில் இறக்கினார்கள். இவரும் போய்ப் பிடித்தார்.

ஜெனியிடமிருந்து எழுத்தில்: "வீட்டுக்கு வரமாட்டேன். வருட முடிவுவரை ஓடுவேன். பிறகு இங்கேயே ஏதாவது பார்ப்பேன். என் அறையை யாருக்காவது கொடுங்கள். ஞாயிறு ஒரு நாள் ஓட்டம் இருக்கிறது. பார்க்க வேண்டாம்."

முன்பெல்லாம் கடைசியில் ஒரு இதயப் படம் வரும். தேடிப் பார்த்தேன்.

அறைக்குள் போய்ப் படுக்கை விரிப்பு மாற்றினேன். யாருக்கும் கொடுக்கமாட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

காலை எட்டுக்கே 29 பாகை. பார்க்க வேண்டாம் என்றாள். பார்த்தேன்.

அங்கேயும் வெயில் போல. எல்லாரும் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஓடினார்கள். பாதி வழியில் கமரா பின்னால் வந்த கார்களைக் காட்டியது. ஜெனி! பழக்கத்தில்தான் வந்திருப்பாள். எங்கள் அணிக் காருக்குப் பக்கத்தில் வந்து, கையை நீட்டினாள். மவுரோ யன்னலால் ஒரே ஒரு போத்தல் கொடுத்தார். அவள் கையை மடக்காமல் வைத்திருந்தாள். அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று. மரியாதையாகத்தான். முன்னால் போ என்று கை காட்டினார்.

கொஞ்ச நேரம் காருக்குப் பக்கத்திலேயே ஓடினாள். பிறகு போனாள். பின்னால் இன்னொரு பிள்ளை வந்து அதே இடத்தில் குனிந்து, முதுகு புடைக்கப் புடைக்கத் திணித்துக்கொண்டிருந்தது. ஜெனி ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அவள் சட்டை முதுகோடு ஒட்டி, தட்டையாக.

14ஆவதாக வந்தாள். இதுவரைக்கும் இல்லாத இடம். கோட்டைத் தாண்டியதும் தனியே போய்த் தடுப்பில் சாய்ந்து நின்றாள். யாரும் கிட்டப் போகவில்லை.

உடனே பு.ம. எடுத்தா. அவவும் பார்த்திருக்கிறா.

"இப்பத்தான் றீற்றா எங்கட பிள்ளை மாதிரி இருக்கு. முதுகில ஒண்டும் இல்லாமல், பாக்க என்ன வடிவு!"

"ஓம் மச்சாள்" என்றேன்.